7. நடை நிற்காமல் இருக்க: சொந்த லோடு வண்டிக்குச் சொந்தக் கைவேலை

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு உதிரிபாகப் பெட்டிகள், கோயம்பேட்டிலிருந்து ஆவடிக் கடைகளுக்குக் காய்கறி, பூந்தமல்லியிலிருந்து திருவேற்காட்டுக்கு வீடு மாற்றுகிறவரின் பீரோவும் கட்டிலும். இந்தப் பக்கம் சின்ன லோடு வண்டி வைத்திருப்பவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. வண்டி பட்டறையில் நிற்கிற நாளில்தான் கஷ்டம். அன்றைய வாடகை போகும். நேரத்துக்குச் சரக்கு வராததால் கம்பெனிக்காரர் அடுத்த வாரம் வேறு வண்டியைக் கூப்பிடுவார். மாதத் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்துவிட்டது. 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பையும் எல்லா ஸ்டாண்டிலும் பார்க்கலாம். இந்த மூன்று வகை டீசல் வண்டிகளையும் மனதில் வைத்து எழுதிய அத்தியாயம் இது. போல்ட் அளவும் ஆயில் கொள்ளளவும் மாடலுக்கு மாடல் மாறும். அவற்றுக்கு உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். மின்சார லோடு வண்டி வைத்திருப்பவர்கள் டயர், கிரீஸ், பாடி பற்றிய பகுதிகளைப் படித்தால் போதும். அந்த வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடவே கூடாது.

எதைத் தொடலாம், எதை விடலாம்

தப்பாகச் செய்தால் காசு மட்டும் போகும் என்றால் அந்த வேலையை நீங்களே செய்து பழகலாம். தப்பாகச் செய்தால் ஆள் போவான் என்றால் பட்டறைக்குப் போங்கள். ஆயில், ஃபில்டர், பேட்டரி, பெல்ட், கிரீஸ், பல்ப், ஃபியூஸ், தார்ப்பாய்க் கொக்கி எல்லாம் முதல் வகை. பிரேக், ஸ்டீயரிங், சக்கர பேரிங், ஸ்பிரிங் பட்டை எல்லாம் இரண்டாவது வகை. இவற்றில் பழுதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, சரிசெய்வது மெக்கானிக் வேலை. பிரேக் ஆயில் மட்டத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பிரேக் ஆயில் தானாகத் தீராது. எங்கோ கசிகிறது, அல்லது லைனிங் தேய்ந்திருக்கிறது.

புது டீசல் வண்டிகளில் இன்னொரு எல்லைக்கோடு உண்டு. காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடுகிறது. இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். பழைய வண்டிக்காரர்கள் எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க ஒவ்வொரு குழாயாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தைப் புது வண்டியில் காட்டக் கூடாது.

வாரண்டி முடியாத வண்டி என்றால் ஆயில் சர்வீஸைக்கூட கம்பெனி பட்டறையில் செய்து பில் வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம். அந்தக் காலத்தில் கண்ணும் காதும் மட்டும் வேலை செய்யட்டும்.

இடமும் சாமானும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு வண்டியின் அடியில் படுக்க இடம் கிடைப்பது பெரும்பாடு. சமதளமான சிமென்ட் தரை வேண்டும். தெரு ஓரத்தில் ஜாக்கி போடாதீர்கள். மழைக்காலத்தில் தோண்டி மூடிய மண் ஜாக்கியை விழுங்கும். வேறு வழியில்லை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள், தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, அவை எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

சாமானில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். ஒரு ரிங் ஸ்பானர் செட், ஒரு சாக்கெட் செட், ஃபில்டர் கழற்றும் பட்டி, கிரீஸ் கன், டயர் காற்று பார்க்கும் கேஜ், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், தலையில் மாட்டும் டார்ச். கடைசி இரண்டும் பலரிடம் இல்லை. மின்சாரக் கோளாறில் தலைமுடியைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப் பேருக்கு மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

இந்த வட்டாரத்தில் இருப்பவருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வீல்ஸ் இந்தியா 1960, லூகாஸ் டிவிஎஸ் 1961, பிரேக்ஸ் இந்தியா 1962 என்று சக்கரமும் டைனமோவும் பிரேக்கும் செய்யும் கம்பெனிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் முளைத்து, பாடியை மையமாக வைத்து வளர்ந்தன. அதே 1961-இல் ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. இந்தப் பெரிய கம்பெனிகளுக்குத் துண்டு வேலை செய்து பழகிய கைகள் நடத்தும் லேத்துப் பட்டறைகள் அம்பத்தூர் எஸ்டேட் தெருக்களில் இன்றும் நிறைய. மரை போன ஆயில் சம்ப் போல்ட், தேய்ந்த புஷ், உடைந்த தார்ப்பாய்க் கொக்கி எதுவானாலும் மாதிரியைக் கையில் எடுத்துப் போனால் அன்றைக்கே செய்து வாங்கி வரலாம். பழைய கதவு, கண்ணாடி, சீட், டெயில் போர்டு வேண்டும் என்றால் புதுப்பேட்டை. ஆனால் பிரேக், ஸ்டீயரிங் சாமான்களைப் புதுப்பேட்டையில் பழசாக வாங்காதீர்கள். அவை ஏற்கனவே ஒரு வண்டிக்கு உழைத்து ஓய்ந்தவை. புதிதாக வாங்கும்போதும் அட்டைப் பெட்டியின் நிறத்தை நம்பாதீர்கள். பில் போட மறுக்கும் கடையில் பிரேக் லைனிங் வாங்காதீர்கள்.

தண்ணீர்

வெளியூர் வழிகாட்டிகள் தண்ணீரைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டுப் போய்விடும். கொரட்டூர் ஏரிக்கும் அம்பத்தூர் ஏரிக்கும் பருத்திப்பட்டு ஏரிக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் நடுவில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு பத்தி போதாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் நின்றது. அந்த அளவு மழை இல்லாத ஆண்டுகளிலும் சுரங்கப்பாதைகளும் உள்தெருக்களும் முழங்கால் அளவு நிரம்புவது வழக்கம்தான்.

தண்ணீர் சக்கரத்தின் நடுக் குமிழைத் தொட்டால் அந்த வழியே போகாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின் அச்சு சூடாக இருக்கும். அது குளிர்ந்த நீரில் இறங்கியவுடன் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது மேலே உள்ள சின்ன மூச்சுத் துவாரம் வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். வண்டி அன்றைக்கு நன்றாகவே ஓடும். கிரவுன், பினியன் அரைபடும் சத்தம் பொங்கலுக்குப் பிறகு வரும். ஆழமான நீரைக் கடந்திருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின் அச்சின் ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முழுவதையும் வடித்துவிட்டு மாற்ற வேண்டும். கியர்பாக்ஸுக்கும் இதே சோதனைதான்.

தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவி திருப்பாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. காற்று இழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். வெறும் ஏர் ஃபில்டர் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை முழு இன்ஜின் வேலை ஆகிவிடும். காப்பீடு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். நின்ற இன்ஜினைத் தண்ணீரிலேயே ஸ்டார்ட் செய்து கெடுத்ததைச் சாதாரண பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இருக்கிறதா என்று இப்போதே பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். வண்டி நின்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், ஆள் வைத்துத் தள்ளுங்கள், மேட்டுக்குக் கொண்டுபோய் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காகிதம் ஈரமாக இருந்தால் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

நீரைத் தாண்டி வந்தவுடன் பிரேக் பிடிக்காது. வேகத்தைக் குறைத்து, பின்னால் வண்டி இல்லாதபோது மெதுவாகப் பெடலை அழுத்தி அழுத்தி விட்டு டிரம்மைக் காய வையுங்கள். வாரக் கடைசியில் கிரீஸ் கன்னை எடுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், ஸ்பிரிங் ஷேக்கிள் பின்கள், உங்கள் மாடலில் இருந்தால் கிங் பின், எங்கெல்லாம் நிப்பிள் இருக்கிறதோ அங்கெல்லாம் பழைய கறுப்பு கிரீஸும் சேறும் வெளியே வந்து புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். நிப்பிளைத் துடைக்காமல் அடித்தால் அதன் மேல் இருக்கும் மண்ணை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள்.

டீசலிலும் தண்ணீர் சேரும். பெரும்பாலான வண்டிகளில் டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை காலையில், இன்ஜின் ஓடும் முன், ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும், கோடு போட்டது போல் தெரியும். சுத்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு மூடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்காதவர் கிடையாது. அது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருவது நல்ல வசதி. அதே நாளில் வைப்பர் ரப்பரை மாற்றுங்கள், மூச்சுத் துவாரங்களில் அடைத்த சேற்றை எடுங்கள், சரக்குத் தொட்டியின் மூலைகளில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். காய்கறி ஏற்றும் வண்டியில் அந்த ஓட்டைகள் இலையும் மண்ணுமாக அடைத்து, தொட்டியின் தரைத்தகடு அடியிலிருந்து துருப்பிடிக்கும். மீன் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியாக வேண்டும். உப்புத் தண்ணீர் பெயின்ட்டையும் பார்க்காது, வெல்டிங்கையும் பார்க்காது.

ஆயிலும் தூசியும்

சர்வீஸ் புத்தகத்தில் இரண்டு கணக்கு இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, மற்றது கடுமையான ஓட்டத்துக்கு. எல்லாரும் முதல் கணக்கைப் பார்க்கிறார்கள். சி.டி.எச். ரோட்டில் முதல் கியரில் ஊர்ந்து, எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் நடுவே பத்து முறை நின்று, முழு லோடோடு மே மாத வெயிலில் ஓடும் வண்டிக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

ஆயில் மாற்றுவதற்கு முன் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூடேறிய ஆயில் கசடோடு இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவிக் கையால் மாட்டி, ரப்பர் உட்கார்ந்த பிறகு முக்கால் சுற்று முறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் அடுத்த முறை கழற்றும்போது ஃபில்டர் நசுங்கும், போல்ட் மட்டும் உள்ளே நிற்கும். பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். இரண்டு ரப்பர் சேர்ந்தால் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டும். ஊற்றிய பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் குச்சியில் மட்டம் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிக ஆயிலும் கெடுதல்தான்.

எந்த ஆயில் என்ற கேள்விக்குப் புத்தகத்தில் உள்ள தரக்குறிதான் பதில், கடைக்காரரின் சிபாரிசு அல்ல. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பி.எஸ்.6 டீசல் வண்டியில் புகையின் கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்குரிய ஆயிலை ஊற்றினால் வண்டி ஓடும், ஆனால் அந்தச் சாம்பல் வடிகட்டியில் தங்கும். கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது. வடிகட்டியின் விலையைக் கேட்டால் ஆயிலில் மிச்சம் பிடித்த காசு சிரிப்பாக இருக்கும்.

கரி எரிவதற்கும் வழி வேண்டும். வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட நேரம் சூடாக ஓட வேண்டும். கொரட்டூருக்கும் முகப்பேருக்கும் நடுவிலேயே நாள் முழுக்கச் சுற்றும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள், அசட்டை செய்யவும் வேண்டாம். வெளிவட்டச் சாலையில் நசரத்பேட்டை பக்கம் ஏறி, புத்தகம் சொல்லும் வேகத்தில் ஒரே சீராக மீஞ்சூர் திசையில் ஓட்டிவிட்டு வாருங்கள். அந்தப் பக்கம் லோடு இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்தால் டீசலும் வீணாகாது.

தூசிக்கு மருந்து ஏர் ஃபில்டர். போரூர், பூந்தமல்லிச் சாலை மெட்ரோ வேலைக்காக ஆண்டுக்கணக்கில் தோண்டிக் கிடந்தது; அந்த வழியே தினம் போன வண்டிகளின் ஃபில்டரைத் திறந்தால் சிமென்ட் மூட்டையைத் திறந்தது மாதிரி இருக்கும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உள்ளிருந்து வெளியே லேசாகக் காற்றடிக்கலாம், அதுவும் அவசரத்துக்குத்தான். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் அடித்தால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும், பிறகு அந்த ஃபில்டர் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான்.

டீசல் ஃபில்டர் மாற்றிய பிறகு மெக்கானிக்குக்கு வரும் வழக்கமான போன் இது: “அண்ணே, ஃபில்டர் மாத்தினேன், இப்ப ஸ்டார்ட்டே ஆகல.” லைனில் காற்று மாட்டிக்கொண்டிருக்கும். ஃபில்டரின் மேல் உள்ள கைப்பம்பைக் கல் போல இறுகும்வரை அழுத்துங்கள். கைப்பம்பு இல்லாத மாடலில் சாவியை ஆன் நிலையில் சில விநாடி வைத்து அணைத்து, இதையே சில முறை செய்தால் மின்பம்பு டீசலை நிரப்பும். அதற்கு முன் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் படுக்கும்.

வடித்த கழிவு ஆயிலை மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். கொரட்டூர் ஏரிக்குக் கழிவுநீர் வருவதைத் தடுக்க அந்த ஊர் மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. பழைய கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஆயில் கடையிலோ பட்டறையிலோ கொடுத்துவிடுங்கள்.

கூலன்ட் பற்றி இரண்டே வார்த்தை. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, போர்வெல் தண்ணீரை ஊற்றக் கூடாது. நம் பக்கத்து போர்வெல் உப்பு உள்ளே படிந்தால் மே மாதத்தில் வண்டி கொதிக்கும். அந்த மூடியும் ஒரு கருவிதான். உள்ளே அழுத்தம் காத்து, கொதிநிலையை உயர்த்துகிறது. பாடியில் உற்பத்தியைத் தொடங்கி வளர்ந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பிப் பெயர் வாங்கியது. வண்டி அடிக்கடி கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைக் கழற்றும் முன் மூடியின் ரப்பரைப் பாருங்கள்.

டயர்

காற்றை விடியற்காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அளவு வேறு. கதவு ஓரத்துச் சீட்டில் இருக்கும். டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு மேற்பரப்போடு சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ரீட்ரெட் டயரை முன்னால் போடாதீர்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள், ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னிக்கும் காற்று பார்க்க வேண்டும் என்பது நசரத்பேட்டை பாலத்தடியில் நடு இரவில்தான் பலருக்கு நினைவு வருகிறது.

பேட்டரியும் சின்னச் சின்ன மேம்பாடுகளும்

மல்டிமீட்டரை வாங்கிவிட்டீர்கள் அல்லவா? காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். 13-க்குக் கீழேயே நின்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள்; பெல்ட்டையோ ஆல்டர்னேட்டரையோ பாருங்கள். முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கரைத்து, துடைத்து, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இனி மேம்பாடு. காசு தரும் மேம்பாடு, காசு தின்னும் மேம்பாடு என்று இரண்டு உண்டு. எஸ்டேட்டில் இரவு ஷிஃப்ட்டுக்குச் சரக்கு இறக்குகிறவருக்குத் தொட்டிக்குள் ஒரு எல்.இ.டி. விளக்கு காசு தரும். பழைய டாடா ஏஸில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் வரும் சூட்டைத் தடுக்கும் உறை, கேபின் ஃபேன், போன் சார்ஜர், பின் பக்கக் கேமரா, தரமான தார்ப்பாய்க் கொக்கிகள், தொட்டியின் தரைக்கு ரப்பர் விரிப்பு எல்லாம் காசு தரும். சூடு தடுக்க தெர்மாகோல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சைலன்ஸர் பக்கத்தில் அது தீயை அழைப்பது. கண்ணாடி நார் விரிப்பு, அலுமினியத் தகடு போன்ற எரியாத பொருள் மட்டும்.

விளக்கு போடுகிறவர் ஒரு கணக்குப் போட வேண்டும். 20 வாட் விளக்கை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 1.7 ஆம்பியர். அதற்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்கின் பக்கத்தில் அல்ல. வயர் எங்கோ தகட்டில் உரசி ஷார்ட் ஆகும்போது பேட்டரிக்கும் உரசிய இடத்துக்கும் நடுவில் ஃபியூஸ் இருந்தால்தான் அது எரிந்து வண்டியைக் காப்பாற்றும். தகட்டு ஓட்டை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு ஒரு மழைக்குத் தாங்காது. கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். பி.எஸ்.6 வண்டியில் சென்சார் வயர்களையோ கம்ப்யூட்டருக்குப் போகும் கட்டையோ கிழித்து கரண்ட் எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி லைன் இழுங்கள்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று 100 வாட் பல்ப் போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், எதிரே வருபவருக்குக் கண் கூசும், சட்டமும் ஒப்பாது. பழைய வண்டியில் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்ப் அல்ல. இரண்டு 60 வாட் பல்புகள் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கின்றன. அது முழுவதும் மெல்லிய வயரிலும் தேய்ந்த சுவிட்சிலும் சுற்றி வருகிறது. பல்ப் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே வைத்துத் தடித்த வயரில் நேர் லைன் கொடுங்கள். அதே 60 வாட் பல்ப் புது வெளிச்சம் தரும். முதலில் எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள். பாதி வண்டிகளில் அதோடு வேலை முடிந்துவிடும்.

சட்டம் எங்கே குறுக்கே வரும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில், தன் வண்டியை அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு ₹5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. விளக்கு, விரிப்பு, கேமரா அமைப்பு மாற்றத்தில் சேராது. தொட்டியின் நீளத்தைக் கூட்டுவது, பக்கப் பலகையை உயர்த்தி வெல்டிங் செய்வது, சேஸிஸில் ஓட்டை போடுவது சேரும். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டுவதை மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே தடுத்துவிட்டது. பல சுர ஏர் ஹாரனும் கூடாது.

லோடு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும். டி.என்.13 அம்பத்தூர் ஆனாலும் டி.என்.12 பூந்தமல்லி ஆனாலும் பார்ப்பது ஒன்றுதான்: விளக்குகள், ஹாரன், பிரேக், டயர், புகை, ஒளிரும் பட்டை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள் என்று ஒட்டியிருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொன்னதை ஆண்டு முழுக்கச் செய்கிறவருக்கு எஃப்.சி. வாரத்தில் அலைச்சல் இருக்காது.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கேள்வி. “ஒரு பட்டை கூடப் போட்டா இன்னும் கொஞ்சம் ஏத்தலாமா?” ஸ்பிரிங் பட்டைக் கடைக்காரர் போட்டுத் தருவார். பின்பக்கம் இறங்காது, பார்க்க நிமிர்ந்து நிற்கும். ஆனால் முக்கால் டன்னுக்குச் செய்த வண்டியின் பிரேக் அதே பிரேக், அச்சு அதே அச்சு, டயர் அதே டயர். வண்டி இறங்கிக் காட்டுவதுதான் அதிக லோடு என்று சொல்லும் ஒரே அறிகுறி. கூடுதல் பட்டை அந்த அறிகுறியை மறைக்கிறது, அவ்வளவே. அதிக லோடுக்கு 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் ₹20,000-இல் தொடங்குகிறது, கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ₹2,000 தனி. பட்டை உடைந்திருந்தால் அதே கனத்தில் மாற்றுங்கள், யூ போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள், அதோடு நிறுத்துங்கள். லோடு அதிகமாக வந்தால் இன்னொரு நடை அடியுங்கள். அதற்கும் மேல் என்றால் ஸ்டாண்டில் பெரிய வண்டி வைத்திருப்பவருக்குக் கைமாற்றிவிடுங்கள். அவருக்குச் சின்ன லோடு வரும்போது உங்களைத்தான் கூப்பிடுவார்.